பின்கேட்டு வழி

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். கட்டில்ல உக்காருங்க. தண்ணி குடிக்கியளா? வெயில்ல வந்திருக்கிய.

செத்துப் போனவங்களப் பத்தி வீடு வீடாப் போயிக் கேட்டு எழுதுத வேலையா? அப்படி ஒரு வேலை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும். கேளுங்க. எனக்கு வேற சோலி இல்ல.

பேரு தங்கபுஷ்பம். வயசு அம்பத்திமூணு. எறந்தது போன ஆவணி மாசம், வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. நான் வீட்டுக்காரன். தவசிமுத்து. கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன். பிள்ளைங்க கெடையாது. எங்க ரெண்டு பேருதான்.

என்ன நோய்னு ஒரே வார்த்தையில போடணும்னா, நுரையீரல்ல புத்து. அந்த வார்த்தைய இப்பச் சொல்லுதேன். அவ இருந்த வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள அத ஒருத்தரும் சொன்னதில்ல. நான் சொல்ல விடல.

பீடி, சிகரெட்டா? அவளுக்கா? பொம்பளைக்கு என்னம்மா பீடி. இல்லைன்னு போடுங்க. வீட்டுல வேற யாரும் குடிப்பாவளான்னு கேட்டிருக்கா? அதையுமா கேக்காவ. நான் குடிப்பேன். அது வேற. நாளெல்லாம் போஸ்ட்ல ஏறி எறங்குத வேலை, ஒரு நாளைக்கு ஒரு கட்டு ஓடும். சாயங்காலம் வந்து இந்தக் கட்டில்ல உக்காந்து ரெண்டு பீடி குடிச்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும். அவ கீழ உக்காந்து முருங்கக்கீர ஆஞ்சுக்கிட்டு இருப்பா. முப்பது வருசம். ஒரு நாளு மூக்கப் பொத்துனதில்ல. ஆனா அவளுக்கு இருமல் வந்ததுக்குப் பொறவு நான் உள்ள உக்காந்து குடிச்சதே கெடையாது. வாசப்படியில நின்னுதான். அதையும் சேத்து எழுதுங்க.

விறகடுப்பு வீட்டுல இல்ல. கேஸ் வந்து ரொம்ப நாள் ஆச்சு. பள்ளிக்கூடத்துல இருந்துச்சு. அவ சத்துணவுல சமையல் பாத்தா, இருபத்தியாறு வருசம். மொதல்ல எல்லாம் விறகுதான். மழைக்காலத்துல ஈர விறகு புகையும். கண்ணு செவந்து போயி வருவா. நூத்திப்பத்துப் பிள்ளைகளுக்குச் சோறு. லீவு நாள்ல அவளுக்கு வீட்டுல இருப்புக் கொள்ளாது. ரெண்டு பேருக்குச் சமைக்க எனக்குக் கை வரலங்கன்னு, நாலு பேருக்குப் பொங்கி வச்சிருவா.

எப்ப ஆரம்பிச்சுதுன்னா, முந்தின வருசத்துக்கு முந்தின வருசம் வைகாசியில. இருமல். மொதல்ல சளின்னு நெனச்சோம். சுக்கு, மிளகு, கசாயம், எல்லாம் பாத்தாச்சு. ஆடி கழிஞ்ச பொறவு இங்க பஜார்ல இருக்க டாக்டர்கிட்ட போனோம். படம் எடுத்தாரு. நெஞ்சுல ஒரு பக்கம் வெள்ளையா, பஞ்சு ஒட்டுன மாதிரி இருந்துது. டி.பி.ன்னாரு. சளியில ஒண்ணும் காட்டல, ஆனாலும் படத்தப் பாத்தா டி.பி.தான்னாரு. எங்க பக்கம் இருமுனாலே டி.பி.தாம்மா. அவரக் குத்தம் சொல்ல மாட்டேன்.

ஆறு மாசம் டி.பி. மாத்திரை. ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சு கலர்ல போகும், அவ பயந்துட்டா. அது மாத்திரையால, பயப்படாதன்னு நர்ஸ் சொன்னா. ஆறு மாசமும் ஒரு வேளை விடாம முழுங்குனா. இருமல் நிக்கல. மேலு கரைஞ்சுது. சேலைய மடிச்சு மடிச்சுச் சொருகுவா.

அதுக்குள்ள பள்ளிக்கூடத்துல தெரிஞ்சு போச்சு. டி.பி. இருக்க பொம்பள பிள்ளைகளுக்குச் சமைக்காளான்னு ரெண்டு மூணு தாய்மாரு வந்து சத்தம் போட்டாவ. ஹெச்.எம். ஞானதுரை சார் நல்ல மனுசன். வீட்டுக்கே வந்து, “குணமாகட்டும்மா, இடத்த நான் பிடிச்சு வைக்கேன், மாத்து ஆள் போட்டுக்கிடுதேன்”னு சொல்லிட்டுப் போனாரு. அவ மறுநாளு காலையில எட்டு மணிக்கு, பழக்கத்துல, சேலையக் கட்டிட்டா. கட்டிட்டு இங்க நின்னா. பொறவு மாத்திட்டா.

மூச்சு வாங்க ஆரம்பிச்ச பொறவுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். முதுகுல ஊசி போட்டு நெஞ்சுல இருந்து தண்ணி எடுத்தாவ. ஒரு லிட்டருக்கு மேல, செவப்பா. அதப் பாத்தா எனக்குத் தலை சுத்துச்சு. அவ திரும்பிக்கூடப் பாக்கல. அந்தத் தண்ணியையும் ஒரு துண்டுச் சதையையும் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினாவ. ஒரு மாசம் கழிச்சு டாக்டரம்மா என்ன மட்டும் கூப்பிட்டாவ. சின்னப் பொண்ணு. ஷெரின்னு பேரு. கண்ணாடி போட்டிருப்பாவ.

“தவசிமுத்து சார், இது டி.பி. இல்ல”ன்னாவ. நுரையீரல்ல ஆரம்பிச்சு, அது மேல இருக்க சவ்வு, எலும்பு எல்லாத்துக்கும் போயிருச்சாம். நாலாவது கட்டமாம். எத்தன கட்டம்னு கேட்டேன். நாலுதான்னாவ.

குணமாக்க முடியாது, ஆனா வைத்தியம் இருக்குன்னாவ. அது எனக்குப் புரியல. குணமாகாததுக்கு என்ன வைத்தியம்னு கேட்டேன். அவங்க பொறுமையாத்தான் சொன்னாவ. அவளுக்கு வந்திருக்கது ஒரு தினுசாம், அதுக்குன்னு ஒரு மாத்திரை உண்டாம், தினம் ஒண்ணு. முந்தி அது பணக்காரங்களுக்குத்தானாம், இப்ப காப்பீட்டு அட்டையிலயே கெடைக்காம். கேக்குத வரைக்கும் கேக்கும், மாசமோ வருசமோன்னு சொல்ல முடியாது. பொறவு கேக்காமப் போகும். அம்புட்டுதான்.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அவகிட்ட சொல்லக் கூடாது. டி.பி. முத்திப் போச்சுன்னு சொல்லிக்கிடுதேன்னேன்.

“அவங்க உடம்பு சார்”னாவ.

“அவ தாங்க மாட்டா”ன்னேன்.

“நானாச் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க என்கிட்ட நேராக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன்.”

“அவ கேக்க மாட்டா”ன்னேன். எனக்கு என் பொண்டாட்டியத் தெரியாதா.

அன்னையில இருந்து நான் பட்ட பாடு இருக்கே. அந்தக் கட்டடத்து முன்னால பெரிய போர்டு. புற்றுநோய் மருத்துவப் பிரிவுன்னு ஒவ்வொரு எழுத்தும் ஆள் உசரம். அவ மூணாங்கிளாஸ்தான் படிச்சவ, ஆனாலும் எழுத்துக் கூட்டுவால்லா. அதனால முன்கேட்டுல எறங்கவே மாட்டேன். ஒரு ஸ்டாப் தள்ளி எறங்கிப் பின்கேட்டு வழியாக் கூட்டிட்டுப் போவேன். சுத்து வழி. துணி வெளுக்குத எடம், ஆஸ்பத்திரி அடுப்படி, அதத் தாண்டிப் பிணவறை. பிணவறை பரவாயில்ல, அதுல போர்டு கெடையாது. அவளுக்கு மூச்சு வாங்கும். நடுவுல ஒரு வேப்பமரத்தடியில உக்காந்துக்கிடுவா. “இம்புட்டுச் சுத்தணுமா”ன்னு ஒரே ஒரு தடவ கேட்டா. முன்கேட்டுல ரோடு போடுதாவன்னு சொன்னேன். ஒரு வருசமா ரோடு போட்டாவ.

இன்னும் கேளுங்க. இந்த நோய்க்காரங்களுக்கு பஸ் பாஸ் உண்டு. அதுல நோய் பேரு இருக்கும்னு நான் வாங்கல. மாத்திரை அட்டையில என்ன எழுதியிருக்கோன்னு, எல்லாத்தையும் பிதுக்கி எடுத்துப் பழைய டி.பி. மாத்திரை டப்பாவுல போட்டு வச்சேன். பக்கத்து பெஞ்சில யாராவது “உங்களுக்கு எங்க வந்திருக்கு”ன்னு பேச்செடுத்தா, எடம் மாறி உக்காந்துக்கிடுவேன். ஒரு மனுசன் தலையில முடி இல்லாம அவகிட்ட வந்து என்னமோ கேக்கப் போனான். அவன வெளிய கூட்டிட்டுப் போயி, “அண்ணாச்சி, உங்க காலப் பிடிக்கேன், பேசாதிய”ன்னு சொன்னேன். அவன் என்ன ஒரு மாதிரியாப் பாத்தான். சரின்னுட்டான்.

ஒரு வார்த்தை அவ காதுல விழல. அதுல எனக்கு ஒரு திருப்தி உண்டும்மா. அப்ப இருந்துச்சு.

அந்த மாத்திரை கேட்டுச்சு. பொய் சொல்லக் கூடாது, நல்லாக் கேட்டுச்சு. மூணு வாரத்துல இருமல் நின்னுது. ஒரு நாளு காலையில எந்திரிச்சு, சத்தமில்லாம இருக்கேன்னு பாத்தா, அவ தூங்குதா. ஒரு வருசத்துக்குப் பொறவு விடிஞ்ச பொறவும் தூங்குதா. முகமெல்லாம் பரு வந்துச்சு. மாத்திரையோட கொணமாம். கண்ணாடியப் பாத்து, “சடங்கான பிள்ள மாதிரி வந்திருக்கு”ன்னு சிரிச்சா. வயித்தால போகும், நகக்கண்ணு புண்ணாகும். அதெல்லாம் பொறுத்துக்கிட்டா. சோறு எறங்குச்சு. சேலை மடிப்பு கொறைஞ்சுது.

ரெண்டாம் மாசமே கேட்டுட்டா. “பள்ளிக்கூடத்துக்குப் போகட்டா?”

நான் ஹெச்.எம். சாரப் போயிப் பாத்தேன். அவரு, “தாராளமா வரட்டும், டி.பி. குணமாயிட்டுன்னு டாக்டர் லெட்டர் மட்டும் வாங்கிட்டு வாங்க, தாய்மாருக்குக் காட்டணும்”னாரு. அந்த லெட்டருக்கு நான் எங்க போக? டாக்டரம்மாகிட்ட கேட்டா உள்ளதத்தானே எழுதுவாவ. அதனால ஹெச்.எம். வேண்டாம்னுட்டாருன்னு அவகிட்ட சொல்லிட்டேன். வேற ஆள் போட்டாச்சாம், ஒனக்கு ரெஸ்ட்டுதான் வேணுமாம்னு.

அவ, “அப்படியா”ன்னா. ரெண்டு மாசம் இந்த வீட்டுல சும்மா இருந்தா. பாத்திரத்த வெளக்கி வெளக்கி அடுக்குவா. மணி அடிக்குத சத்தம் இங்க வரைக்கும் கேக்கும், மத்தியானச் சாப்பாட்டு மணி. கேட்டா எந்திரிச்சு உள்ள போயிருவா.

பொறவு ஒரு ஞாயித்துக்கெழம சொல்லுதா, “நாளையில இருந்து நான் வேலைக்குப் போறேன்.” எப்படின்னு கேட்டேன். “டாக்டரம்மா லெட்டர் குடுத்துட்டாவ. சார்கிட்ட குடுத்துட்டேன். வரச் சொல்லிட்டாரு.” நான் போன தடவ ரத்த ரிசல்ட் வாங்கப் போயிருந்த நேரத்துல கேட்டு வாங்கியிருக்கா. எனக்கு ஒரே சந்தோசம். டாக்டரம்மா கெட்டிக்காரி, டி.பி. குணம்னு எழுதிக் குடுத்திருக்காவ, நம்ம மனசறிஞ்சு செஞ்சிருக்காவன்னு நெனச்சேன். அடுத்த தடவ போனப்ப தனியாப் பாத்துக் கும்பிட்டேன்.

அவங்க கண்ணாடியக் கழட்டித் தொடச்சாவ. “நீங்க உங்க வீட்டம்மாகிட்ட கொஞ்சம் பேசுங்க சார்”னாவ.

“பேசிக்கிட்டுத்தானம்மா இருக்கேன்”னேன்.

ஏழு மாசம் வேலைக்குப் போனா. எனக்கே இப்ப நெனச்சா ஆச்சரியமா இருக்கு. அந்த நோயோட ஏழு மாசம் நூத்திப்பத்துப் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கியிருக்கா. இப்ப அங்கயும் கேஸ்தான். தூக்குத வேலைய மட்டும் ஆயா பாத்துக்கிடுவா. சாயங்காலம் வந்து யாரு ரெண்டு முட்டை கேட்டா, யாரு பருப்ப ஒதுக்குனான்னு கத சொல்லுவா. நான் வாசப்படியில நின்னு கேப்பேன்.

இந்த வருசம் பங்குனியில இடுப்பு வலின்னா. வேலை செஞ்சதாலன்னு நெனச்சோம். தைலம் தேச்சேன். சித்திரையில இருமல் திரும்பிட்டு. ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு மாத்திரை இனிமே கேக்காதுன்னு சொல்லிட்டாவ. அடுத்து ஒரு மாத்திரை இருக்காம், அதுக்கு இன்னொரு சோதனை, அதுல அந்த மாத்திரை இவளுக்குச் சேராதுன்னு வந்துட்டு. ஊசி மருந்து போடலாம், ஆனா உடம்பு இருக்க இருப்புல அது அவங்களப் படுத்தும், கெடைக்குத நாளு ரொம்ப இருக்காதுன்னாவ.

போடுங்கன்னேன் நான். என்ன ஆனாலும் போடுங்க.

அப்பத்தான் அந்த டாக்டரம்மா அந்தக் காரியம் செஞ்சாவ. எனக்கு இன்னைக்கும் கோவம் தீரல. என்னப் பாத்து, “சார், நீங்க போயி ரிப்போர்ட்ட வாங்கிட்டு வாங்க”ன்னாவ. நான் வாங்கப் போயிட்டேன். திரும்பி வந்து பாக்கேன், கதவு சாத்தியிருக்கு. தொறந்தா ரெண்டு பேரும் பேசாம உக்காந்திருக்காவ. டாக்டரம்மா கை இவ கை மேல இருக்கு. இவ என்னப் பாத்து, “வீட்டுக்குப் போவோம். ஊசி வேண்டாம். எனக்கு அலைய முடியல”ன்னா. டி.பி. ஊசிக்குப் போயி எதுக்குப் பயப்படுதன்னு நான் கேட்டேன். மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன், அங்க பெரிய டாக்டர் இருக்காருன்னேன். “பஸ்ல இடுப்பு தாங்காதுங்க”ன்னா.

என்னக் கேக்காம அவள எதுக்குக் கேக்கணும்? அவளுக்கு என்ன தெரியும்? அன்னைக்கு நான் அப்படித்தான் நெனச்சேன்.

வீட்டுக்கு வந்துட்டோம். அவ தங்கச்சி ராஜகனி உடன்குடியில இருந்து தொணைக்கு வந்தா. வாரத்துக்கு ஒரு நாளு, செவ்வாக்கெழம, ஆஸ்பத்திரியில இருந்து ஒரு நர்ஸ் வருவாவ, செல்வராணின்னு. இந்த மாதிரி நோயாளிங்கள வீட்டுல போயிப் பாக்குததுக்குன்னே இருக்காவ. ஸ்கூட்டர்ல வருவாவ. புண்ணு வராமத் திருப்பிப் போடச் சொல்லிக் குடுத்தாவ, மூச்சு வாங்குனா எப்படிச் சாய்ச்சு உக்கார வைக்கதுன்னு காட்டுனாவ. வலிக்கு ஒரு மாத்திரை குடுத்தாவ. சின்ன மாத்திரை, வெள்ளை. நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு. வலிக்கட்டும்னு காத்திருக்காதிய, நேரத்துக்குக் குடுத்துருங்கன்னாவ. அபின்ல இருந்து எடுக்கதாம். அவங்களே சொன்னாவ.

சரி, நீங்க கேட்டத முடிச்சிருதேன். ஆவணியில முடிஞ்சுது. வியாழக்கெழம காலையில அரைத் தம்ளர் கஞ்சி குடிச்சா. மத்தியானம் ராஜகனி தலை சீவி விட்டா. நாலு மணிக்கு ஒரு மூச்சு இழுத்தா, அடுத்தது வரும்னு பாத்துக்கிட்டு இருந்தேன், வரல. அம்புட்டுதான்.

நான் அழல. பொழுது விடிஞ்சு எடுத்துட்டுப் போனப்பவும் அழல. ஊர்ல ஒரு மாதிரியாப் பேசுனாவ. லைன்ல வேலை பாக்கும்போது ஒரு தடவ எனக்கு ஷாக் அடிச்சுது. ஒரு நாளு முழுக்க இந்தக் கை என் தோள்ல தொங்குது, ஆனா அது என் கை இல்ல. கிள்ளுனா அடுத்தவன் கையக் கிள்ளுத மாதிரி இருக்கும். அப்படித்தான் இருக்கு. இன்னைக்கும் அப்படித்தான்.

எடுத்த அன்னைக்கு ஹெச்.எம். சார் வந்தாரு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வரிசையா வந்து பாத்துட்டுப் போச்சுவ. எல்லாரும் போன பொறவு சார் ஒரு கவர எடுத்துக் குடுத்தாரு. “இது இனி என்கிட்ட இருக்க வேண்டாம்”னாரு. டாக்டரம்மா குடுத்த லெட்டர். நான் நின்னுக்கிட்டே படிச்சேன். இவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய், காசநோய் இல்லை, இது தொற்றாது, சமையல் பணி செய்யத் தடையில்லை. அம்புட்டும் பச்சையாத் தமிழ்ல எழுதியிருக்கு. தேதி போன வருசத்துத் தேதி.

“அவளேவா சார் கொண்டு வந்து குடுத்தா?”

“அவங்கதான். தமிழ்ல எழுதிக் குடுங்கன்னு கேட்டு வாங்கினாங்களாம், தாய்மாருக்குப் படிச்சுக் காட்டணும்லா. என் முன்னால அவங்களே வாசிச்சுக் காட்டினாங்க. இருபத்தியாறு வருசம் ஒண்ணாங்கிளாஸ் பக்கத்துல சமையல், தவசிமுத்து. நல்லா வாசிப்பாங்க.” பொறவு சொன்னாரு, “உங்ககிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னாங்க. அவரு தாங்க மாட்டாருன்னாங்க.”

நான் ராஜகனியப் பாத்தேன். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா.

“ஒனக்கும் தெரியுமா?”

“தெரியும் அத்தான்.”

“எப்ப இருந்து?”

“அக்காளுக்கு ரெண்டாவது தடவ போனப்பவே தெரியும். நீங்க சீட்டு எழுதப் போயிருக்கீய. பின்கேட்டுல எளநி விக்குத பொம்பள அக்காளக் கூப்பிட்டு, கேன்சர் ஆஸ்பத்திரிக்கு இந்தப் பக்கம் ரொம்ப நடக்கணும்மா, முன்கேட்டுல போனா பக்கம்னு வழி சொல்லியிருக்கா.”

அப்படியே வச்சுக்கிடுங்க. ரெண்டாவது தடவ. அதுக்குப் பொறவு ஒரு வருசம் அவளப் பிணவறையச் சுத்திக் கூட்டிட்டுப் போயிருக்கேன். வேப்பமரத்தடியில உக்காந்து மூச்சு வாங்கிட்டு எந்திரிச்சு வருவா. எல்லாருக்கும் தெரியும். டாக்டரம்மாவுக்குத் தெரியும், சாருக்குத் தெரியும், தங்கச்சிக்குத் தெரியும், சத்தம் போட்ட தாய்மாருக்கெல்லாம் தெரியும். எனக்கு மட்டும் சொல்லல. நான் என்ன அயலானா? முப்பத்தோரு வருசம் ஒரே வீட்டுல இருந்தவன். நான் மறைச்சேன்னா அவளுக்காக மறைச்சேன். அவ மறைச்சாளே, அத என்னன்னு சொல்ல? அத நெனச்சாத்தான் எனக்கு ஆறல. நீங்க படிச்ச பொண்ணு, சொல்லுங்க. கட்டுனவன்கிட்ட மறைக்கலாமா?

சரி விடுங்க. நீங்க என்ன சொல்ல.

என்ன கேட்டிய? கடைசி மாசத்துல வலி இருந்துதான்னா?

அந்தப் பேப்பர்ல அதுக்கும் ஒரு கட்டம் இருக்கா?

சொல்லுதேன். கருமாதி முடிஞ்ச பொறவு செல்வராணி நர்ஸ் வந்தாவ. மிச்ச மாத்திரையத் திருப்பி எடுத்துட்டுப் போகணுமாம், அபின் சமாச்சாரம்லா, கணக்கு உண்டு. நான் டிரங்குப் பெட்டியத் தொறந்து எடுத்துக் குடுத்தேன். அவங்க கட்டில்ல, இந்தா நீங்க உக்காந்திருக்க எடத்துல உக்காந்து எண்ணுனாவ. எண்ணிட்டு இன்னொரு தடவ எண்ணுனாவ. பாதிக்கு மேல அப்படியே இருந்துது. நிமிந்து என்னப் பாத்தாவ. “நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு குடுத்தீங்களா ஐயா?”

“அவ வேண்டாம்னுட்டா”ன்னேன்.

நர்ஸ் அத நோட்டுல எழுதிக்கிட்டுப் போயிட்டாவ.

அவ வேண்டாம்னு சொல்லல. நான்தான் குடுக்கல. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பெட்டியப் பூட்டிச் சாவிய அரைஞாண்ல கட்டிக்கிட்டேன். பழகிப் போச்சுன்னா மனுசி என்னத்துக்கு ஆவான்னு நெனச்சேன். மயக்கத்துலயே போயிருவான்னு நெனச்சேன். இன்னொண்ணும் நெனச்சேன். ஒரு நாளைக்கு ஆறு தடவ மாத்திரை குடுத்தா, டி.பி.க்கு எதுக்கு இம்புட்டுன்னு யோசிப்பாளே, கண்டுபிடிச்சிருவாளேன்னு. அதுதான் பெரிய பயம்.

ராஜகனி சண்டை போட்டா. “குடுங்க அத்தான், பாக்க முடியல”ன்னா. நீ சும்மா இருன்னேன். புஷ்பம் சொவரப் பாத்துப் படுத்திருப்பா. துண்டு முனைய வாய்க்குள்ள வச்சிருப்பா. வலிக்கான்னு கேப்பேன். “இல்ல, பரவால்ல”ம்பா. பரவால்லங்காளே, குடுக்க வேண்டாம்னு இருந்துருவேன். அவ வலிக்குன்னு சொன்னா எங்க வலிக்கு, எதனால வலிக்குன்னு பேச்சு வரும். அந்தப் பேச்சு வரக் கூடாதுன்னு நானும் இருந்தேன். அவளும் இருந்திருக்கா. அது எனக்கு இப்பத் தெரியுது.

கேட்டது ஒரே ஒரு தடவ. அந்த வியாழக்கெழம, ஒரு மணி இருக்கும். “இந்தாங்க, அந்த வெள்ளை மாத்திரை ஒண்ணு இருக்கா?”ன்னா. சத்தம் சரியா வரல. நான் குனிஞ்சு கேட்டேன். “காலையிலதான குடுத்தேன், ராத்திரி தாறேன்”னேன்.

“சரி”ன்னா.

இருந்துதுன்னு போடுங்க.

நீங்க எழுதிக்கிடுங்க, நான் இந்தா சொல்லி முடிச்சிருதேன். பக்கத்துத் தெருவுல இசக்கிமுத்துன்னு ஒரு டெய்லர் இருக்கான். அவனுக்கு வாயில புத்து. ஆபரேசன் பண்ணித் திரும்ப வந்துட்டு. செல்வராணி நர்ஸ் இப்ப அந்த வீட்டுக்கு வாராவ. போன வாரம் அவன் பொண்டாட்டி செல்லக்கனி இங்க வந்தா. கையில அதே மாத்திரை.

“அண்ணாச்சி, மைனிக்கும் இதத்தான குடுத்தாவ? இது பழகிருமாமே, ஊர்ல சொல்லுதாவ. நர்ஸ் நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு குடுக்கச் சொல்லுதாவ. எங்க வீட்டுக்காரரும் கேக்க மாட்டேங்காவ. வலிக்கான்னு கேட்டா இல்லைன்னு தலைய ஆட்டுதாவ. கொறச்சுக் குடுக்கட்டா?”

நான் அந்த மாத்திரையப் பாத்தேன். அவ நின்னுக்கிட்டே இருந்தா.

“பழகட்டும்”னேன். “நர்ஸ் சொன்ன நேரத்துக்குக் குடு. நடுவுல கேட்டாலும் உடனே நர்ஸுக்குப் போனப் போட்டுக் கேட்டுக் குடு. வலி இல்லைன்னு சொன்னா நம்பாத. பொட்டியில வச்சுப் பூட்டாத.”

அவ சரி அண்ணாச்சின்னு போயிட்டா.

நேத்து சாயங்காலம் கடைக்குப் போகும்போது பாத்தேன். இசக்கிமுத்து வாசல்ல ஒரு சேர் போட்டு உக்காந்திருந்தான். பேப்பர் மடியில கெடந்துது. பேச வராது அவனுக்கு. என்னப் பாத்துக் கையத் தூக்குனான். நானும் தூக்குனேன்.